கறுப்பு ஹொண்டாவைக் காக்க ஒரு பொய்

முப்பத்தொரு வருட இல்லறத்தில் முதன்முறையாக மனைவியிடம் பொய் சொல்வது என்று தீர்மானித்தேன். இதற்கு முன் சொன்னதே இல்லையா என்று கேட்கக் கூடாது. அவள் நம்பும்படி சொன்னதில்லை.

பாலாவியில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில். அதில் ஐந்து பழைய மோட்டார் சைக்கிள்கள். உப்பளக் காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது. ஆகவே சுபஹ் தொழுதுவிட்டு ஐந்துக்கும் தேங்காயெண்ணெய்த் துணி போடுவேன். கறுப்பு ஹொண்டாவுக்கு மட்டும் கொஞ்சம் அதிகம்.

என் மனைவி ஃபஹ்மியாவுக்கு ஐந்தின் மீதும் எரிச்சல். "நாலுக்குத்தான் அனுமதி. இவர் அஞ்சு வெச்சிருக்கார். நான் ஆறாவது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

போன வாரம் அவளுக்குப் பாடசாலைச் சீருடை தைக்கிற ஓடர் கிடைத்தது. கொட்டில் தனக்கு வேண்டும் என்றாள். ஒரு வண்டி நிற்கலாம், நாலு போக வேண்டும். எது பிரியமானது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் றுமைஸ். என் கறுப்பு ஹொண்டாவை மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்க்கிறவன். என் மனைவியின் வட்டிலப்பத்தையும் புகழ்கிறவன். இரண்டுக்காகவும் எனக்கு அவனைப் பிடிக்காது. ஆனாலும் ஆபத்தில், அண்ணன் முறைக்கு 'நானா' என்று கூப்பிட்டு, அவன்தான் யோசனை சொன்னான்.

"நானா, உண்மைய மட்டும் சொல்லிராதீங்க. எனக்குப் பிரியமான சேவல் எதுவெண்டு பொஞ்சாதி கேட்டா. காட்டினன். அடுத்த நாள் அது சோத்துக் கோப்பையில கிடந்திச்சி."

யோசித்தேன். பொறாமைக்காரி முதலில் ஒழிப்பது பிரியமானதைத்தான். அதோடு கோபம் தணிந்துவிடும். மற்ற நாலும் தப்பிக்கும். போன வருடம் என் பழைய பத்திரிகைக் கட்டுகளை எறியப் புறப்பட்டவள், ஒரு கட்டோடு களைத்துவிடவில்லையா?

வெள்ளி ஜும்மா முடிந்து வந்தேன். றுமைஸும் மதிலோரம் நின்றான். தபால்காரர் ஓடித் தேய்த்த சிவப்பு வண்டியைக் காட்டினேன். மூன்றாவது உதைக்குத்தான் எழும்பும். எழும்பினால் பாலாவிச் சந்தி வரை புகை.

"இதுதான் என்ட உசிரு."

நிக்காஹ்வில் கேட்பதுபோல் மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் ஓம் என்றேன். கண்ணில் கொஞ்சம் தண்ணீரும் வரவழைத்தேன்.

"சரி, உங்கட உசிரு உங்களோடயே நிக்கட்டும்" என்றாள். பிறகு மதில் பக்கம் திரும்பினாள். "றுமைஸ் தம்பி, கறுப்ப எடுத்துக்கொண்டு போங்க. மத்த மூண்டுக்கும் பின்னேரம் ஆள் வருது."

றுமைஸ் ஹெல்மெட்டோடு தயாராக நின்றதை அப்போதுதான் கவனித்தேன். கறுப்பு ஹொண்டா ஒரே உதைக்கு எழும்பியது. எனக்கு ஒருநாளும் அப்படி எழும்பியதில்லை.

மாலையில் கொட்டிலில் தையல் மெஷின் வந்து நின்றது. மெல்லக் கேட்டேன், நான் சொன்னதை அவள் நம்பினாளா என்று.

"தேங்காயெண்ணெய் வாங்கிறது நான். எந்த வண்டி எவ்வளவு குடிக்குதெண்டு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் கேட்டாய்?"

"நான் புடுங்கிக் குடுத்தா சாகும்வரைக்கும் சொல்லிக் காட்டுவீங்க. இப்ப நீங்களே வேணாமெண்டுட்டீங்க. சாட்சியும் இருக்கு."

மதிலுக்கு அப்பால் றுமைஸ் என் வண்டிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். போத்தல் எங்கள் வீட்டுப் போத்தல்.

"றுமைஸ்ட சேவல் கதையக் கேட்டு மோசம் போனன்" என்றேன்.

ஊசியில் நூல் கோத்தபடி ஃபஹ்மியா கேட்டாள். "எந்தச் சேவல்?"

பதினெட்டு வருடமாக நாங்கள் பக்கத்து வீட்டுக்காரர். றுமைஸ் வீட்டில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட நான் கண்டதில்லை.