முதல் கன்னு எங்க, சார்?

காஹாங்,
வியாழக்கிழமை

பேரன்புள்ள இன்பராணி அக்காவுக்கு,

தம்பி கிரகோரி வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் சமந்தாவும் இங்கே சுகம். மூவாரில் நீங்களும் மச்சானும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். உங்கள் முட்டிவலி இப்போது தேவலையா?

நிற்க. சிறந்த ஆசிரியர் பதவிக்கு மனுப்போடு, போடு என்று நீங்கள் ஒரு வருஷமாகச் சொல்லி, நானும் போட்டேன் அல்லவா? அதைத் திரும்பப் பெறப் போகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

மனுவோடு 'எனது கல்விக் கொள்கை' என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். 'கேள்வி கேட்கும் பிள்ளையை உருவாக்குவதே கல்வியின் நோக்கம்' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. அதைப் படித்த கல்வி இலாகா அதிகாரி கமலநாதன், போன திங்கட்கிழமை என் நாலாம் ஆண்டு வகுப்பைப் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார். பதினோரு பிள்ளைகளும் அன்றைக்கென்று பார்த்து வாயே திறக்காவிட்டால்? அதனால் மூன்று கேள்விகளை நானே எழுதி, மூன்று பிள்ளைகளிடம் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னேன். சிரிக்காதீங்க அக்கா.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். புரொஜெக்டர் எரியவில்லை. மழை வேற, தகரக் கூரையில கொட்டுற சத்தத்துல நான் பேசறது எனக்கே கேக்கல. ஜேடன் எழுந்து தீபனோட கேள்வியக் கேட்டுட்டான். தன் கேள்வி போச்சேன்னு தீபன் ஒரே அழுக. சமாளிச்சு, பலகையில ஒரு கணக்கு போட்டேன். முப்பத்தாறு மீட்டர் வரிசை, இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒன்பது மீட்டருக்கு ஒரு செம்பனைக் கன்னு, மொத்தம் எத்தன? வகுத்து, நாலுன்னு எழுதினேன். பின்னாலேர்ந்து சுபத்ரா கையத் தூக்குனா.

"அஞ்சு வரும் சார். முதல் கன்னு எங்க, சார்? நீங்க அத நடவே இல்லையே?"

அவ அம்மா செம்பனை எண்ணெய்த் தோட்டத்துல கன்னு நடுறவங்க. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல அக்கா. "உன் பேரு லிஸ்ட்ல இல்லம்மா, உக்காரு"ன்னுட்டேன். உக்காந்துட்டா. அதிகாரி ஏதோ எழுதிக்கிட்டார்.

மழை விட்டதும் திடல்ல தண்ணிப் போத்தல்கள அளந்து வெச்சுப் பார்த்தேன். அஞ்சுதான்.

மறுநாள் காலையில அவ அம்மா வேதநாயகி பள்ளி வாசல்ல சிரிச்ச முகமா நின்னாங்க. "ரொம்ப நன்றி சார். வீட்ல எதுக்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேக்கும். நேத்து வந்து, 'இனிமே சார் சொல்றதத்தான்மா எழுதுவேன்'னு சொல்லுச்சு. எப்படி சார் திருத்துனீங்க?"

இருபத்தாறு வருஷத்துல ஒரு பாராட்டக் கேட்டு நான் இப்படிக் கூனிக் குறுகினதில்ல. நேரா வகுப்புக்குப் போய், "நான் போட்டது தப்பு, சுபத்ரா சொன்னதுதான் சரி"ன்னேன். எல்லாரும் அவளப் பார்த்தாங்க. அவ வாசலப் பார்த்தா.

"இன்னிக்கும் அந்த ஆபிசர் வர்றாரா சார்?"

"யாரும் வரலம்மா."

அவ நம்பல. நோட்டுல அஞ்ச அழிச்சிட்டு நாலுன்னு எழுதி வெச்சிருந்தா. எல்லாரையும் திடலுக்குக் கூட்டிட்டுப் போய்ப் போத்தல் வெக்கச் சொன்னேன். அவ மட்டும் கையக் கட்டிக்கிட்டு நின்னா. ஜேடன் ஒன்பது மீட்டர் தள்ளிப் போய் முதல் போத்தல வெச்சானா, அவளுக்குப் பொறுக்கல. ஓடிப்போய்ப் பிடுங்கி, "இங்கேர்ந்துடா!"ன்னு முனையில வெச்சா. அப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு.

அக்கா, கேள்வியெல்லாம் பிள்ளைங்க வீட்டிலேர்ந்தே கொண்டு வருதுங்க. அது என்கிட்ட வந்து தொலைஞ்சு போகாம இருந்தா, நான் வாங்குற சம்பளத்துக்கு அதுவே பெரிய வேலை. அதுலயே தவறுன எனக்கு, மத்த ஆசிரியர்களுக்கு வழிகாட்டுற பதவி வேண்டாம். முடிவு பண்ணிட்டேன்.

மச்சானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக.

அன்புத் தம்பி,
கிரகோரி

பி.கு.: மனுவைத் திரும்பக் கேட்கத் தலைமையாசிரியர் குணாளனிடம் போனேன். காரணம் சொல்ல வாய் வராமல், இந்தக் கடிதத்தையே நீட்டினேன். படித்துவிட்டு, "பழைய கட்டுரையத் தூக்கிப் போடுங்க, இதையே அனுப்பலாம் லா" என்றார். அனுப்பிவிட்டோம். உங்கள் முட்டிவலியை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 'பணிவுடன் பரிசீலிக்கவும்' என்று சேர்த்திருக்கிறேன். உங்களுக்கு வருவது நகல்.