வான் நெடுங்காலர் இருமுறை பொறுப்பேற்ற வரலாறு

ஒரு காட்டில் செவ்வாய்க்கிழமை காலை மணி ஒன்பது பதினேழு. தென்மேற்கிலிருந்து மெல்லிய சாரல். அந்தக் காடு ஒல்லாந்து தேசத்தில், கடல் மட்டத்தைவிட இரண்டு முழம் தாழ்வாகக் கிடந்தது. கடலுக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு மண்கரை இருந்தது. கரை இருந்ததால் காடும் இருந்தது.

அந்த வேளையில் மரிக்கா என்ற முயல், கூடை நிறையக் களிமண்ணைச் சுமந்துகொண்டு கரைத்துறை அலுவலகத்துக்குள் நுழைந்தாள். கரையடியில் அவளுடைய வளை. வளைக்குள் கண் திறக்காத ஆறு குட்டிகள். மூன்று நாட்களாகச் சுவரில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குப் பௌர்ணமிக் கடல் ஏற்றம்.

கசிவின் வரலாறும் அமைச்சர் வான் நெடுங்காலரின் வரலாறும் ஒன்றே. நாரையான அவர் இளமையிலேயே தாராளவாதி. ‘அவரவர் வளை, அவரவர் உரிமை’ என்று சொல்லி வாய்க்கால் சபை உறுப்பினரானார். அதையே இன்னும் சற்று உரக்கச் சொல்லிக் காட்டுப் பேரவைக்குப் போனார். நான்கு பெருச்சாளி உறுப்பினர்களின் ஆதரவோடு கரைத்துறை அமைச்சரானார். நன்றி மறவாதவர். கரையிலும் வளை தோண்டலாம் என்றும், ஒருவர் தோண்டியதை அமைச்சரின் கையெழுத்தில்லாமல் இன்னொருவர் மூடலாகாது என்றும் முதல் வாரமே சட்டம் இயற்றினார். பெருச்சாளித் தலைவர் கரையைக் குறுக்கே துளைத்து, கடல் பார்த்த வீடு ஒன்று கட்டிக்கொண்டார்.

மரிக்கா நுழைந்தபோது அமைச்சர் ஒற்றைக் காலில் நின்று அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார்.

“கரைக் கசிவுக்கு நானே முழுப் பொறுப்பேற்கிறேன்.”

மரிக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “நீங்க நல்லா இருக்கணும்யா! களிமண் கையோட கொண்டாந்துட்டேன். ஒரு கையெழுத்துப் போடுங்க, அடைச்சுட்டு வந்துடறேன்.”

குமாஸ்தா ஆமை செருமியது. “அம்மா, பொறுப்பேற்கிறேன்னா பதவி விலகறேன்னு அர்த்தம்.”

“ஆறு வருஷம் முன்னாடி மாலையெல்லாம் போட்டுக்கிட்டுப் பொறுப்பேத்துக்கிட்டாரே, அது?”

“அது பதவிக்கு வந்தது.”

“வரும்போதும் அதே வார்த்தை, போகும்போதும் அதே வார்த்தையா?”

“ஆமாம்மா. நடுவுலதான் அந்த வார்த்தை புழக்கத்துல இல்லை.”

அமைச்சர் காலை மாற்றி நின்றார். “தாயே, புதிய அமைச்சரவை அமையும்வரை நான் காபந்து அமைச்சர். தகராறுள்ள விஷயங்களில் கையெழுத்திட எனக்கு அதிகாரமில்லை.”

“ஓட்டையில என்னய்யா தகராறு?”

“பெருச்சாளியார் அதை ஜன்னல் என்கிறார்.”

“சரி, புது அமைச்சரவை எப்ப வரும்?”

“கட்சிகள் கூடிப் பேச வேண்டும். சென்ற முறை இருநூற்றுப் பதினான்கே நாட்களில் முடித்துவிட்டோம்.”

“இன்னைக்கு அஞ்சு மணிக்கே கடல் ஏறுதுய்யா. புள்ளைங்க இன்னும் கண்ணே தொறக்கலை.”

“திறந்ததும் அவர்கள் சுதந்திரமாக முடிவெடுக்கட்டும்” என்றார் நெடுங்காலர் கனிவோடு.

மரிக்கா நேரே பெருச்சாளியாரிடம் போனாள். “அண்ணே, சாயங்காலம் மட்டுமாவது ஜன்னலைச் சாத்தி வைக்கக் கூடாதா?”

“சாத்தினா எனக்குப் புழுங்கும். பொறாமையா இருந்தா நீயும் ஒண்ணு வச்சுக்கயேன், யாரு வேணாங்கறா?”

நண்பகலில், பெருச்சாளியார் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, மரிக்கா தானே ஓட்டையை அடைத்தாள். கசிவு நின்றது. மூன்று நாட்களில் முதன்முறையாக வளையின் தரை காய்ந்தது.

அரை மணி நேரத்தில் புகார் வந்தது. உரிமை மீறல் அவசரப் பிரிவைச் சேர்ந்தது; அதில் காபந்து அமைச்சர் கையெழுத்திடலாம் என்பது மட்டுமல்ல, இட்டே ஆக வேண்டும். ஆமை தன் பணிக்காலத்தில் முதன்முறையாக ஓடியது. நெடுங்காலர் கோப்பை இருமுறை படித்து, ஒரு காற்புள்ளியைத் திருத்தி, கையெழுத்திட்டார். நான்கு நாற்பதுக்குள் களிமண் முழுவதும் அகற்றப்பட்டது. ஐந்து மணிக்குக் கடல் ஜன்னல் வழியாக வந்தது.

மரிக்கா குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கரையுச்சியில் சேர்த்தாள். ஆறாவது நடையில் தண்ணீர் அவள் கழுத்துவரை இருந்தது.

மறுநாள் காலை ஆமை, மிதந்துவந்த புகார்க் கோப்பைப் பிடித்து, ‘தீர்வு காணப்பட்டது’ என்று முத்திரையிட்டது. பெருச்சாளியார் வடகரைக்குக் குடிபெயர்ந்து, இம்முறை இரண்டு ஜன்னல்களுக்கு அளவெடுத்தார். மரிக்கா குட்டிகளைப் புல்லால் மூடிவிட்டு, நிவாரண விண்ணப்பத்தில் ‘நிலையான முகவரி’ என்ற கட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கடலோர மாகாணத்தின் ஆளுநராக முந்தைய இரவே நியமனம் பெற்றுவிட்ட வான் நெடுங்காலர், வெள்ளத்தைப் பார்வையிட வந்தார். மரிக்காவின் வளை இருந்த இடத்தில் தண்ணீர் அவருடைய முழங்காலுக்குக்கூட எட்டவில்லை. அங்கேயே நின்று நான்கு கெண்டைகளை விழுங்கிவிட்டு, நிலைமை முழுக் கட்டுப்பாட்டில் இருப்பதாகச் செய்தியாளர்களிடம் தெரிவித்தார்.

நீதி: சுதந்திரம் எல்லோருக்கும் சமம், குட்டைக் காலோடு பிறந்தது அவரவர் தேர்வு.