சைரன் சத்தத்துக்கு ஓடிய கார்

வில்க்ஸ் கவுண்டி, வட கரோலினா
ஆகஸ்ட் 1948, செவ்வாய்

கர்த்தருக்குள் பிரியமான தம்பி பாஸ்டர் கோய்க்கு,

அக்கா ஓமா எழுதுவது. உனக்கும் உன் சபையாருக்கும் ஸ்தோத்திரம். இங்கே நான் சுகம், கோழிகள் சுகம். உன் அத்தான் ஹோயில் மட்டும் சுகமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, புத்திக்குத்தான். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு உன் பெரிய பைபிளோடு கிளம்பி வா. இனிமேல் மண் தளத்தில் கார்ப் பந்தயம் ஓட்ட மாட்டேன் என்று அவரை அதன்மேல் கை வைத்துச் சத்தியம் பண்ண வைக்க வேண்டும்.

மலையில் காய்ச்சும் கள்ளச்சாராயத்தை எங்கள் கறுப்பு ஃபோர்டில் ஏற்றிப்போய் ஊருக்குள் இறக்கும் தொழிலை அவர் இன்னும் விடவில்லை என்பது உனக்குத் தெரியும். தெரியாதென்றால் இப்போது தெரிந்துகொள். வண்டி கிளம்பினாலே நான் அழ ஆரம்பித்துவிடுவேன். போன வாரம் என் அழுகை தாங்காமல், "இந்தா பாரு ஓமா, ஞாயித்துக்கெழமைப் பந்தயத்துல நம்ம வண்டி ஜெயிச்சா, சாராயத்த அன்னையோட விட்டுர்றேன். போதுமா?" என்றார். பந்தயமும் பாவம், சாராயமும் பாவம். இதில் எது சின்னப் பாவம் என்று கேட்கலாமென்றால் நீ ஊரில் இல்லை. சரி, போய்த் தொலை என்றேன்.

நானும் கூடப் போனது அவரைக் கண்காணிக்கத்தான், வேடிக்கை பார்க்க அல்ல. வீட்டிலிருந்து ஓட்டிப்போன அதே கார்தான் பந்தயத்துக்கும். கதவு திறந்துகொள்ளாமலிருக்க, கிறிஸ்துமஸுக்கு நீ கொடுத்த தோல் பெல்ட்டால் இறுக்கிக் கட்டினார். கொடி இறங்கியதுதான் தாமதம், ஐயோ கோய், அந்தச் சத்தத்தை என்னவென்று எழுதுவேன்! செம்மண் புழுதியில் என் வெள்ளைத் தொப்பி செங்கல் நிறமாகிவிட்டது, கொண்டுபோன வறுத்த கோழியெல்லாம் நறநற. ஒரு கூட்டம் கார்கள் முட்டி மோதி வளைவுக்குள் நுழைய, உன் அத்தான் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்துக் காரை இடப்பக்கம் திருப்புகிறார், பின்சக்கரம் வழுக்கிக்கொண்டே போகிறது, ஆனால் வண்டி சுற்றவில்லை, ஒருத்தனைத் தாண்டுகிறார், இன்னொருத்தனைத் தாண்டுகிறார், எல்லாருக்கும் முன்னால் வந்தேவிட்டார்! "விடாதய்யா! வெளிப்பக்கமாப் போ! அமுக்கு, அமுக்கு!" என்று அடித்தொண்டையில் கத்துவது யாரென்று திரும்பிப் பார்த்தேன், நான்தான். பெஞ்சின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். முன்னால் இருந்தவர், "ஏம்மா, என் தோள விடுங்க, நான் ஓட்டல" என்றார்.

இன்னும் இரண்டே சுற்று. அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு கார் குட்டிக்கரணம் போட்டது. ஓட்டினவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான், ஒரு கீறல் இல்லை. ஆனால் ஆம்புலன்ஸ்காரன் சும்மா இருப்பானா? சைரனை அலறவிட்டுக்கொண்டு தளத்துக்குள் வந்தான். உன் அத்தானுக்குத்தான் பல வருஷப் பழக்கமாயிற்றே! சைரன் கேட்டதும் கால் தானாக அமுங்கிவிட்டது. நேரே வேலியைப் பிய்த்துக்கொண்டு, சோளக்காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு, மலைப்பாதையில் ஏறி மறைந்தே போனார். கொடிக்காரர் வாயைப் பிளந்து நிற்கிறார். மைதானமே சிரிக்கிறது, நான் அழுகிறேன்.

யாரோ ஒருவருடைய லாரியில் தொற்றிக்கொண்டு வீடு வந்தால், கொட்டகையில் கார்மேல் வைக்கோல் மூடிக் கிடக்கிறது. வைக்கோலுக்குள்ளிருந்து, "போய்ட்டானுங்களா?" என்று குரல்.

"யாருய்யா?"

"போலீசு!"

"அது ஆம்புலன்சுய்யா! ஒன்ன எதுக்குத் தொரத்தப் போறாங்க? வண்டியில ஒரு சொட்டுச் சாராயம் இல்லியே!"

வைக்கோலை விலக்கித் தலையை நீட்டினார். "ஆமால்ல. அதான் இவ்ளோ லேசாப் போச்சு" என்றார்.

நேற்று ஷெரீப் வந்து கதவைத் தட்டினார். இவர் சமையலறை ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டார். "ஏ ஹோயில், ஓடாதய்யா! ஒடச்ச வேலியக் கட்டிக் குடுத்தா அடுத்த ஞாயிறும் ஓட்டலாமாம், அதச் சொல்லத்தான் வந்தேன்!" என்று அவர் கத்தியது யார் காதில் விழுந்தது? சாயங்காலம்தான் திரும்பி வந்தார். வந்து, ஜெயிக்கவில்லை, ஆகவே சாராயத்தை விடுவதாயில்லை, பேச்சு என்றால் பேச்சுதான் என்கிறார். அடுத்த லோடு திங்கட்கிழமையாம். நீ வந்தால்தான் இந்த வீட்டுக்கு விடிவு. பந்தயமென்ற பேய் இங்கே இனி தலைகாட்டக் கூடாது.

உன் மனைவிக்கு என் முத்தங்கள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அன்பு அக்கா,
ஓமா ட்ரிப்லெட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவள் மறுபடி யோசித்துப் பார்த்தேன். "நம்ம வண்டி ஜெயிச்சா" என்றுதான் அவர் சொன்னார். யார் ஓட்டவேண்டும் என்று சொல்லவில்லை. வரும் ஞாயிறு பந்தயத்துக்கு என் பேரைக் கொடுத்துவிட்டு வந்தேன். பைபிள் வேண்டாம். இடப்பக்கமே திரும்பித் திரும்பி எங்கள் காரின் வலப்பக்க முன்சக்கரம் விரிசல் விட்டுப்போயிருக்கிறது. உன் காரும் அதே மாடல்தானே? பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டுச் சீக்கிரம் வந்து உன் காரின் அந்தச் சக்கரத்தைக் கழற்றிக் கொடு. எங்கள் ஸ்டெப்னி பந்தயத்துக்குத் தாங்காது, நீ திரும்பிப் போக உன் ஸ்டெப்னி போதும். சைரனைப் பற்றிக் கவலைப்படாதே. என்னை இதுவரை யாரும் துரத்தியதில்லை.