வயசு காட்டும் பெட்டி

வயதைக் குறைக்கிறாராம் ஒருவர்! ஊரே வேலை வெட்டியை விட்டுவிட்டு ஓடி வந்தது. மூட்டுவலிக்காரர், முடி கொட்டியவர், நிஜ வயதை மனைவியிடமே சொல்லாதவர் என்று மாடிப்படி முழுக்கக் கூட்டம். வயதைக் குறைப்பவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பட்டம் இளமைச் செம்மல். சொந்த வழுக்கையை மட்டும் தொப்பி போட்டு மறைத்திருந்தார்.

மாடி வீட்டில் படுத்திருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எழுபத்திரண்டு வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்புக்கு ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். மகள்தான் செம்மலைக் கூட்டி வந்தாள். டிரைவரின் போர்வைமேல் செம்மல் ஒரு பெட்டியை வைப்பார். முள் ஆடி உடம்பின் வயதைக் காட்டும். காயத்தால் உள்ளே தீ மூண்டிருக்கிறதாம், சாப்பாடு போட்டால் தீ வளருமாம், அதனால் வெறும் தண்ணீர்தானாம். நாலே நாளில் முள் எழுபத்திரண்டிலிருந்து ஐம்பதுக்கு இறங்கியது.

டிரைவர் மனுஷனை நம்பமாட்டார். ஆனால் முப்பத்தைந்து வருஷம் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தே வண்டி ஓட்டியவர். முள் சொன்னால் சரிதான் என்று பசியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். கண்ணை மூடினால் அவித்த முட்டை வந்து நின்றது.

கட்டு மாற்ற வந்த நர்ஸ் அடிபடாத காலை டேப்பால் அளந்தாள். அதுவும் இளைத்திருந்தது.

"பெரிய அடி பட்டா உடம்பு தன் சதையையே கரைச்சுப் புண்ணை ஆத்தப் பார்க்கும், ஐயா. இளவட்டத்துக்குக் கையிருப்பு இருக்கு. உங்க வயசுல அது கம்மி, போன சதை திரும்புறதும் கஷ்டம். இப்படியே பட்டினி கிடந்தா, எலும்பு ஒட்டினாலும் எழுந்து நிக்க முடியாது."

டிரைவர் தன் காலைத் தடவிப் பார்த்தார். "முள் பொய் சொல்லுமாம்மா?"

"பாத்துடலாம்," என்றாள் நர்ஸ்.

மறுநாள் காலை செம்மல் வந்தபோது, ஐயா போர்த்திக்கொண்டு தூங்குகிறார் என்றாள் நர்ஸ். செம்மல் பெட்டியை வைத்தார். முள் ஆடியது.

"முப்பத்தொண்ணு! ரத்தம் பாயுற சத்தமே கேக்குதே!"

கூட்டம் கைதட்டியது. அப்போது சமையலறையிலிருந்து சக்கர நாற்காலி உருண்டு வந்தது. அதில் டிரைவர், வாயில் மூன்றாவது முட்டை. மகள் பதறிப்போய்ப் போர்வையை இழுத்தாள். உள்ளே மூன்று தலையணைகள்.

தலையணைக்கும் உயிர் உண்டு என்று செம்மல் ஏதோ ஆரம்பித்தார். யாரோ பெட்டியைத் திருப்பினார்கள். அடியில் கட்டைவிரலுக்கு வாகாக, முள்ளை ஆட்டும் ஒரு சின்னச் சக்கரம். நிமிர்ந்து பார்த்தால் தொப்பி மட்டும் கிடந்தது, ஆளைக் காணோம்.

மகள் அழுதுகொண்டே நாலாவது முட்டையை உரித்துக் கொடுத்தாள். டிரைவர் அதை வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

"என் தலையணைக்கு வயசு முப்பத்தொண்ணாம். அதுமேல படுத்த தலைக்கு எழுபத்திரண்டு. இத்தனை வருஷமா இந்தத் தலைக்கு நான் வேலையே கொடுக்கலை. நீங்களாவது உங்க தலைக்குக் கொடுங்க."