ஆதிகேசவன் வாங்கிய வாரம்

ராட்டினத்தில் ஏறினாலும் காற்றில் பறக்காத புடவை எது என்று மனைவி குப்பம்மா பெட்டியைக் குடைந்துகொண்டிருந்த நேரத்தில், பஞ்சாயத்தில் கூப்பிடுகிறார்கள் என்று ஆதிகேசவனுக்கு ஆள் வந்தது.

போனான். கோயில் எதிரே ஊரே உட்கார்ந்திருந்தது. நடுவில் ஊர் நாட்டார் தருமலிங்கம், ஆதிகேசவனுடைய வழுவழு விளம்பரத் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஆதி, மெட்ராஸ்ல ஒரு பாடு வாங்கிகீறியாமே?"

"ஆமா நாட்டாரே!" என்றான் ஆதிகேசவன் பெருமையாக.

அந்த 'ஆமா'வை மட்டும் அவன் விழுங்கியிருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். ஆனால் போன வாரம் முழுக்க அவனே வீடு வீடாகப் போய் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான்.

அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. பழவேற்காடு ஏரியில் இறால் படும் இடம் கொஞ்சம், வலை நிறைய. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு, எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைப்பார்கள். அதற்குப் பெயர் பாடு. அப்பனுக்குப் பிறகு பிள்ளைக்கு வரும். பக்கத்து வீட்டுக்காரனோடு முறையை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு வாரத்துக்கு முன் பொன்னேரிப் பொருட்காட்சியில் கழுத்துப்பட்டை கட்டிய லோகநாதன் என்பவர், 'குதூகலபுரி குடும்ப விடுமுறைக் கழகம்' என்ற பலகைக்குக் கீழே நின்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார். மெட்ராஸுக்குத் தெற்கே ராட்சத ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, பக்கத்திலேயே தங்கும் அறை. ஒருமுறை சேர்ந்தால் வருஷத்துக்கு ஒரு வாரம் உங்களுடையது, முப்பத்து மூன்று வருஷத்துக்கு. உங்களுக்குப் பிறகு பிள்ளைக்கு. வாரத்தை மாற்றிக்கொள்ளலாம். படித்தவர்கள் எல்லாம் "ஒரே அறை எப்படி சார் எல்லாருக்கும் சொந்தம்?" என்று குழம்பி நகர்ந்துவிட்டார்கள். ஆதிகேசவன் ஒருவன்தான், இது நம்ம பாடுதானே என்று ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டான். லோகநாதன் அவனைக் கட்டிப்பிடிக்காத குறை.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் குப்பம்மாவை அவன் கூட்டிப்போன தூரம் பொன்னேரி ஆஸ்பத்திரிதான். அதுவும் இரண்டே தடவை, இரண்டும் பிரசவத்துக்கு. இந்தக் கோடையில் ராட்டினத்தில் ஏற்றுகிறேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான்.

இப்போது நாட்டார் தொண்டையைக் கனைத்தார். "நம்மூர்ல எவனுக்கும் தனிப் பாடு கெடையாது. எங்க கெடச்சாலும் பொது. சீட்டுப் போட்டுத்தான் முறை."

ஆதிகேசவன் பதறிப்போனான். "நாட்டாரே, அது ரூமு. ஏரி இல்ல."

"முறை கீதா?"

"கீது."

"நீ பூட்டா புள்ளைக்கு வருமா?"

"வரும்."

"மாத்திக்கலாமா?"

"மாத்திக்கலாம்."

"தண்ணி கீதா?"

"கொழாயில வருமாம்."

"அப்புறம் இன்னாடா?" என்றார் நாட்டார். ஊர் தலையாட்டியது. அவன் கட்டிய பணத்தை ஊர்ப் பொதுவிலிருந்து அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

வீட்டில் குப்பம்மா கேட்டாள். "ஊர்ல நாப்பது குடும்பம். சீட்டுல நமக்குக் கடைசி வந்தா?"

"நாப்பதாவது வருஷம்."

"உன் மெம்பர் அட்டை எத்தினி வருஷத்துக்கு?"

"முப்பத்து மூணு."

அவள் புடவையைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

மறுநாளே பஸ் பிடித்து மெட்ராஸ் ஆபீசுக்கு ஓடினான். அங்கே டெலிபோன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. லோகநாதன் அதை எடுக்கவே இல்லை. ஆதிகேசவன் சொன்ன பாடு முறைக் கதையை மட்டும் ஒரு மணி நேரம் வாய் பிளந்து கேட்டார்.

"சீட்டுப் போட்ட அப்புறம் யாரும் சண்டைக்கு வரமாட்டாங்களா?"

"மூச்சு விடமாட்டாங்க சார்."

லோகநாதன் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு யோசனை சொன்னார். "வாரத்தை ஏழு நாளாப் பிரிச்சுக்குங்க. ஒரு நாளைக்கு ஒரு குடும்பம். ஆறு வருஷத்துல உங்க ஊரே வந்துட்டுப் போயிடலாம். ஒண்ணே ஒண்ணு, யார் வந்தாலும் மெம்பர் கூட இருக்கணும்."

ஆதிகேசவன் ஒரே சந்தோஷமாக ஊர் திரும்பினான். பஞ்சாயத்துக்கும் யோசனை பிடித்துவிட்டது. அன்று சாயங்காலமே சொம்பில் சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். முதல் நாள் குப்பம்மாவின் சொந்தத் தம்பி ரங்கனுக்கு விழுந்தது. ஆதிகேசவனுக்கு ஆறாவது வருஷம்.

மெம்பர் கூட இருக்கணும் என்பதன் அர்த்தம் அவனுக்கு அப்போதுதான் மெல்ல உறைத்தது. இந்த வருஷம் ஏழு நாளும் ஏழு குடும்பத்தோடு அவன் போக வேண்டும். அந்த ஏழில் அவன் குடும்பம் கிடையாது.

"அப்போ என் தம்பி பொண்டாட்டி ராட்டினத்துல சுத்துவா," என்றாள் குப்பம்மா நிதானமாக. "நீ கீழ நின்னு அவ செருப்புக்குக் காவல் இருப்பே."

"நா இன்னா பண்ணட்டும்?"

"காவல் இரு. அப்டியே அங்கியே இருந்துடு. ஊட்டுக்கு வராத."

அவளுடைய கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் ஆதிகேசவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். நேரே மச்சான் வீட்டுக்குப் போனான்.

"ரங்கா, முறையை மாத்திக்கலாம்டா. உன் மொத நாளை எனக்குக் குடு."

ரங்கன் தலையைச் சொறிந்தான். "தரலாம் மாமா. ஐப்பசியில உனக்கு முகத்துவாரத்துல முறை விழுந்துகீது இல்ல?"

மழைத் தண்ணீர் கடலுக்கு ஓடும் அந்த நாட்களில் முகத்துவாரத்தில் இறாலைக் கூடை கூடையாக அள்ளலாம். வருஷம் முழுக்கச் சோறு போடுவது அதுதான்.

"எடுத்துக்க," என்றான் ஆதிகேசவன்.

உள்ளேயிருந்து ரங்கன் பெண்டாட்டி குரல் கொடுத்தாள். "அடுத்த வருஷம் விழப்போற முறையையும் கேளுய்யா! நானும் ராட்டினத்தை நெனச்சுக்கினுதான் இருந்தேன்."

"அதையும் எடுத்துக்கம்மா," என்றான். அந்த நேரத்தில் அவன் தோணியைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பான்.

அந்த நாள் வந்தது. குப்பம்மா புடவையில் ஒன்பது ஊக்கு குத்தியிருந்தாள். குழந்தைகள் இரண்டுக்கும் தலையில் எண்ணெய் வழிந்தது. வழியனுப்ப நாட்டாரும் அதே தோணியில் ஏறிக்கொண்டார். ஏரியைக் கடந்து பழவேற்காடு கரையில் இறங்கினால், பஸ் நிற்கும் இடத்தில் ராட்டினப் படம் வரைந்த ஜீப் ஒன்று நின்றுகொண்டிருந்தது. டிரைவர் இவர்களைப் பார்த்து ஓடி வந்தான்.

"இங்க ஆதிகேசவன்னு யாருங்க?"

ஆதிகேசவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "நாந்தாம்பா. பாத்தியா குப்பம்மா? மெம்பருக்கு வண்டியே அனுப்பிகீறாங்க!"

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் குப்பம்மா எல்லார் எதிரிலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தைகள் ஜீப்பின் முன் சீட்டுக்கு அடித்துக்கொண்டு ஓடின.

டிரைவர் அவசரமாகக் கதவை மறித்துக்கொண்டான். "வண்டி உங்களுக்கு இல்லீங்க, உங்க ஊரு நாட்டாருக்கு. அந்த ஒரே ரூமை, இதே வாரத்தை, எங்க லோகநாதன் சார் அறுபது பேருக்கு வித்துட்டாரு. எல்லாரும் பெட்டியோட வாசல்ல நிக்கிறாங்க, உங்க நாட்டார் வந்துதான் சீட்டுப் போடணுமாம்!"