நாலும் இடது பக்கம்

இந்த ஊசியை எப்படியாவது ஒழித்துக்கட்டிவிடுவது என்று அத்தாட்சி சார் தீர்மானித்துவிட்டார்.

சொந்தப் பெயர் வேறு. மருத்துவக் காப்பீட்டு ஆபீஸில் பில் சரிபார்க்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக "அத்தாட்சி எங்கே?" என்று கேட்டுக் கேட்டு அதுவே பெயராகிவிட்டது. மனுஷன் கல்யாண ஃபோட்டோவையே உற்றுப் பார்த்து, "இது நான்தானா?" என்று கேட்டவர்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஹார்மோன் குறைவாம். சாப்பிடும்போதே தட்டில் தூங்கி விழுந்தார். டாக்டர் ரத்தத்தை இரண்டு தடவை பரிசோதித்து (முதல் தடவையை சார் நம்பவில்லை), இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி என்று எழுதிவிட்டார். இடுப்பில். எண்ணெய் மாதிரி கெட்டி மருந்து. வீட்டிலேயே போட நர்ஸம்மா அவர் மனைவிக்குப் பழக்கியும் விட்டாள். அங்கேதான் சந்தேகம் ஆரம்பித்தது.

"ஏம்மா, ஊசியைக் கையில எடுத்ததும் உன் முகம் ஏன் இப்படி மலருது?"

"திரும்பிப் படுங்க."

"சிரிச்சியா இல்லையா? அதைச் சொல்லு."

"படுங்கன்னேன்ல!"

அப்புறம் சார் போடுகிற கூச்சலில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டுவார்.

இதே ஹார்மோன் தோளில் தடவுகிற களிம்பாகவும் கிடைக்கிறதாம். ஊசிச் செலவை ஏற்கிற அவர் ஆபீஸே கைவிரித்தால் களிம்புக்கு மாறிவிடலாம். பில்லைக் கவிழ்ப்பதா கஷ்டம்? அது அவர் தொழிலாயிற்றே!

வீட்டு ஊசிக்கு, பில்லோடு சேர்த்து அனுப்ப, ஒரு குறிப்பேடு உண்டு. தேதி, மருந்துக் குப்பியின் எண், அளவு, இடதா வலதா, இருவர் கையெழுத்து. பக்கம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் என்றிருந்தால், அது உட்கார்ந்த இடத்தில் ஒரே மூச்சாக எழுதியது என்று திருப்பி அனுப்புவார்கள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே சார்தான். நாலு ஊசிக்கும் "இடது, இடது, இடது, இடது" என்று முத்து முத்தாக எழுதினார். மனைவி படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். ஏன் படிக்கவில்லை? அதுவும் அவருக்கு உறுத்தியது.

தன் பில்லைத் தானே பார்க்கக் கூடாது. அதனால் அது அடுத்த மேஜைக்காரரிடம் போனது. மூன்றாம் நாளே வீட்டுக்குக் கடிதம் வந்துவிட்டது. குறிப்பேடு நம்பும்படி இல்லையாம்.

"நாலும் இடதாமே? வலது பக்கம் போட்டப்போ ஊரைக் கூட்டினது யாரு?" என்றாள் மனைவி.

"கை தவறிடுச்சும்மா."

"ரெண்டு தடவையுமா?"

"வயசாகுதில்ல? விடு. ஆபீஸே வேண்டாம்னுடுச்சு. களிம்புதான் நம்ம தலையெழுத்து!" சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

"சரிங்க. இனிமே வீட்டுல ஊசி கிடையாது."

இவ்வளவு சுலபமாகவா? சார் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். ஐந்தாவது குப்பியைக் காணோம். குப்பைக்கூடையைக் கிளறினார். அங்கேயும் இல்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஆபீஸ் முதலுதவி அறைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். போனால், கட்டில் பக்கத்தில் பஞ்சும் ஊசியுமாக மனைவி! எதிரே குறிப்பேட்டோடு அடுத்த மேஜைக்காரர்.

"நீ எங்கே இங்கே?"

"என்ன செஞ்சா நம்புவீங்கன்னு இவருக்கு போன் போட்டுக் கேட்டேன். கண்ணால பாத்தா நம்பறேன்னார்."

"அக்கா நேத்தே எல்லாம் சொல்லிட்டாங்க சார். இன்னிக்கு வலது பக்கம். திரும்புங்க."

கதவுக்கு வெளியே பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் இவர் மிரட்டி வேலை வாங்குகிறவர்கள். கத்தினால் நாளைக்கு எந்த முகத்தோடு அத்தாட்சி கேட்பது? கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

அடுத்த மேஜைக்காரர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். "பில் பாஸ் சார்! ஒரு வருஷத்துக்கு, இருபத்தாறு ஊசிக்கும் சேர்த்தே அனுமதி போட்டுட்டேன்."

மனைவி பஞ்சை அழுத்தியபடி பூரித்துப்போனாள். "ரொம்ப சமத்தா இருந்தீங்க. இருபத்தாறையும் இங்கேயே போட்டுடலாங்க!"