தன் மகனுக்கே மகனான ஹவெல்

சம்பந்தி வீட்டாரிடம் நல்ல பெயர் எடுக்க நினைப்பவர் ஒரு பெட்டிப் பலகாரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் அழிவுதான். நான் போனேன். பல நூறு வருடங்கள் மேலே போனேன்.

என் மகள் நிலா கட்டவிருந்த பையனின் அப்பா டேவிட். வீடு நாங்கள் இருக்கும் அதே நகரத்தில், பாபகூராவில்; பூர்வீகம் வேல்ஸில். "எங்கள் பெயரில் அங்கே ஒரு காலத்தில் பெரிய நிலக்காரக் குடும்பம் இருந்ததாம்" என்று பேச்சுவாக்கில் சொன்னார். போதாதா? அந்த வம்சாவளியைத் தேடி, பெரிதாக அச்சடித்து, நிச்சயதார்த்தத்தன்று கொடுப்பதென்று முடிவெடுத்தேன்.

"அப்பா, ப்ளீஸ் டோன்ட்," என்றாள் நிலா. (பிள்ளைகள் சொல்வதை நாங்கள் எப்போது கேட்டிருக்கிறோம்?)

அந்தக் கால வேல்ஸ்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மகன் பெயர், பிறகு 'ஆப்', பிறகு தகப்பன் பெயர். 'ஆப்' என்றால் மகன். "எங்கட ஆக்கள் மாதிரித்தான்," என்று மனைவி சாந்தியிடம் பெருமையடித்தேன்.

பழைய வம்சாவளிகளில் ஹவெல், அடுத்து கிரிஃபித், மறுபடியும் ஹவெல் என்று வந்தது. எனக்குக் கணினித் தரவுகளைச் சுத்தம் செய்கிற உத்தியோகம். ஒரே பெயர் இரண்டு தரம் வந்தால் கை சும்மா இருக்காது. இரண்டு ஹவெல்களையும் ஒருவராக்கினேன். உடனே கணினி ஒரு கோட்டைக் கீழிருந்து வளைத்து மேலே கொண்டுபோய் ஒட்டியது. அலங்காரம் என்று நினைத்தேன்.

நிச்சயதார்த்தம் மவுண்ட் ரோஸ்கில்லில், எங்கள் வீட்டில். எல்லோர் முன்னிலையிலும் அதைச் சுவரில் மாட்டினேன். டேவிட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டின் மேல் விரலை ஓட்டினார். கீழே வந்தார். மேலே போனார். திரும்பவும் கீழே வந்தார்.

"இந்த ஹவெல், கிரிஃபித்துக்கு அப்பா," என்றார் மெதுவாக. "ஆனால் கிரிஃபித்தும் ஹவெலுக்கு அப்பா."

வடை மென்றுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

சாந்தி என் காதோரம் வந்தாள். "பேரனுக்கு அப்பப்பாவின்ர பேரை வைச்சிருக்கினம். எங்கட அண்ணாவின்ர பெடியனுக்கும் அப்பிடித்தானே வைச்சது. இதுகூட விளங்கேல்லையே உங்களுக்கு?"

விளங்கியிருக்க வேண்டும். தூக்கம் கெட்டு, கண் கெட்டு, மாதக்கணக்காக நான் சாதித்தது ஒரு மனிதனை அவன் மகனுக்கே மகனாக்கியதுதான். நிலா என் பக்கம் திரும்பவே இல்லை. கலியாணம் நின்றுவிடுமோ என்று பயந்து, அதைச் சுவரிலிருந்து கழற்றப் போனேன்.

என் முகத்தைப் பார்த்து டேவிட்டுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். தோளைத் தொட்டார். "கவலைப்படாதீர்கள். என் தாத்தா தத்துப்பிள்ளை. இதில் ஒருவர்கூட எங்களுக்குச் சொந்தமில்லை."

அந்த ஆறுதலிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.

கலியாணம் நடந்தது, என்னையும் மீறி. வம்சாவளி இப்போது டேவிட் வீட்டுக் கழிப்பறைச் சுவரில் தொங்குகிறது. உள்ளே போகிற விருந்தாளிகள் சிரித்துக்கொண்டேதான் வெளியே வருகிறார்கள்.

போன மாதம் பேத்தி, பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள் என்று தாளோடு வந்தாள். ஆசையாகப் பேனாவை எடுத்தேன். அவள் அதைப் பதமாக வாங்கி வைத்துவிட்டு, ஒரு பச்சைக் கலர் பென்சிலை என் கையில் கொடுத்து, மரத்தின் இலைகளைக் காட்டினாள்.

"அம்மப்பா, யூ ஒன்லி டூ த லீவ்ஸ், ஓகே? மம்மி செட் ஸோ."